கர்நாடக இசைக் கலைஞர்களை வெளியிடத்தில் படம் எடுப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மார்கழி சீசனுக்கு முன்பு பாடகர்களும் வாத்தியக்காரர்களும் புதுப் படம் எடுத்துக்கொள்வது சென்னையில் வழக்கமாகிவிட்டது. சபா அழைப்பிதழ், செய்தித்தாள், யூடியூப் முகப்பு, வெளிநாட்டுக் கச்சேரி போஸ்டர் என்று எல்லாவற்றுக்கும் அந்தப் படம்தான் போகிறது. ஸ்டூடியோவை விட்டு வெளியே வந்து எடுக்க விரும்பும் கலைஞர்களும், அவர்களை எடுக்கப்போகும் புகைப்படக்காரர்களும் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்லியிருக்கிறேன். எல்லாப் பதில்களுக்கும் அடியில் என் நம்பிக்கை ஒன்று இருக்கிறது: படத்தில் இருப்பவர் மேடையில் எப்படி வாசிக்கிறாரோ அப்படியே வாத்தியத்தைப் பிடித்திருக்க வேண்டும். இடம், வெளிச்சம், உடை எல்லாம் அதற்குப் பிறகுதான்.

டிசம்பர் சீசனுக்கான படத்தை எந்த மாதத்தில் எடுப்பது?

ஆகஸ்ட், செப்டம்பரில் எடுத்துவிடுங்கள். சபாக்கள் நிகழ்ச்சி நிரலை அச்சுக்குக் கொடுக்கும்போது கலைஞரின் படம் தயாராக இருக்க வேண்டும். அக்டோபர் நடுவில் வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் சென்னையில் எந்த நாளையும் நம்பித் தேதி குறிக்க முடியாது. மே, ஜூனில் வெயில் கலைஞரையும் வாத்தியத்தையும் சேர்த்து வாட்டும். ஆகஸ்ட், செப்டம்பரிலும் மாலை நேரத்தில் இடியோடு மழை கொட்டுவது உண்டு. அதனால் விடிகாலையை முதல் தேர்வாகவும் மாலையை இரண்டாவதாகவும் வைத்துக்கொள்ளுங்கள். மாற்று நாள் ஒன்றைத் தேதி பேசும்போதே குறித்துவிடுவது நல்லது.

ஸ்டூடியோவே போதாதா? வெளியே போய் எடுப்பதில் என்ன லாபம்?

முகம் மட்டும் போதும் என்றால் ஸ்டூடியோ தாராளமாகப் போதும். அழைப்பிதழில் தபால்தலை அளவில் வரப்போகும் படத்துக்காக யாரும் காவிரிக் கரைக்குப் போக வேண்டியதில்லை.

ஆனால் சபா அரங்குகள் வருவதற்கு முன்பே இந்த இசை வெளியில் வாழ்ந்த இசை. நாகஸ்வரமும் தவிலும் சுவாமி புறப்பாட்டோடு வீதியில் நடந்த வாத்தியங்கள். மயிலாப்பூர் மாட வீதிகளில் பாடலாசிரியர் பாபநாசம் சிவன் மார்கழி விடியலில் பஜனை பாடி வலம் வந்தார். அந்த வழக்கம் அவருக்குப் பிறகும் தொடர்கிறது. திண்ணையில் உட்கார்ந்து சாதகம் (இசைப் பயிற்சி) செய்த தலைமுறைகள் உண்டு. இப்படி இசைக்கு உண்மையான உறவுள்ள ஓர் இடத்தில் கலைஞரை உட்கார வைத்தால் படத்துக்கு ஸ்டூடியோத் திரை தர முடியாத ஒரு கனம் வருகிறது. உறவில்லாத இடத்தில், உதாரணமாக ரயில் தண்டவாளத்தின் நடுவே வீணையோடு உட்கார வைத்தால், படம் ஒரு வாரத்துக்குப் பேசப்படும். அடுத்த சீசனில் அந்தக் கலைஞரே அதை எடுத்துவிடச் சொல்வார். தண்டவாளத்தில் உட்காருவது ஆபத்தும் சட்டமீறலும் ஆகும் என்பது வேறு.

எந்த நேரத்து வெளிச்சம் நல்லது?

வெளிநாட்டுப் புகைப்படப் பாடங்களில் வரும் பொன் நேரக் கணக்கு (சூரியன் தாழ்ந்திருக்கும்போது கிடைக்கும் இதமான ஒளியின் நேரம்) நம் ஊருக்குப் பொருந்தாது. சென்னை ஏறக்குறைய 13 பாகை வட அகலாங்கில் இருப்பதால் சூரியன் சாய்வாக ஊர்ந்து ஏறாமல் செங்குத்தாக ஏறுகிறது. காலையில் மணிக்குக் கிட்டத்தட்ட 15 பாகை உயர்ந்துவிடும். ஆகஸ்டில் 6 மணியையொட்டி உதித்தால், இதமான வெளிச்சம் 7.15 அல்லது 7.30 வரைதான். எட்டு மணிக்குக் கன்னத்தில் மூக்கின் நிழல் விழ ஆரம்பித்துவிடும். ஆகவே 5.30க்கு இடத்தில் இருக்க வேண்டும். உடை, அலங்காரம் எல்லாம் வீட்டிலேயே முடிந்திருக்க வேண்டும்.

நடுப்பகலைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். ஆகஸ்ட் மாத நடுவில் ஒரு நாள் சென்னையின் உச்சிக்கு நேராகச் சூரியன் வருகிறது. நிழலில்லா நாள் என்று வானியல் ஆர்வலர்கள் அதைப் பார்க்கக் கூடுகிறார்கள். அதையொட்டிய வாரங்களில் பகல் 12 மணிக்கு யாரை வெயிலில் நிறுத்தினாலும் கண்கள் இரண்டு கருங்குழிகளாகத்தான் தெரியும்.

கடற்கரையில் எடுப்பவர்கள் ஒன்றை யோசிக்க மறந்துவிடுகிறார்கள். நம் கடல் கிழக்கே இருக்கிறது. காலையில் கடலைப் பின்னால் வைத்து எடுத்தால் சூரியனும் பின்னால் இருக்கும், முகம் இருண்டுபோகும். நிழலுருவமாக எடுக்க வேண்டுமென்றால் அது சரி. தம்புராவின் நீண்ட தண்டியும் குடமும் அந்த வெளிச்சத்தில் அழகாக விழும். முகம் தெரிய வேண்டுமென்றால் மாலையில் போங்கள். மாலையில் சூரியன் நகரத்துப் பக்கம் இருப்பதால் கடலுக்கு முதுகு காட்டி உட்காருபவரின் முகத்தில் நேராக வெளிச்சம் விழும். அப்போதும் வெயில் கண்ணில் அடித்தால் கண் சுருங்கும். சூரியன் கட்டடங்களுக்குப் பின்னால் இறங்கியதும் மேற்கு வானம் முழுவதும் ஒரே பெரிய மென்விளக்காகிவிடும். கிழக்கே கடலுக்கு மேல் நீலமும் இளஞ்சிவப்புமாக வானம் மாறும். அந்தப் பதினைந்து இருபது நிமிடங்களுக்காகத்தான் மாலையில் பெசன்ட் நகருக்கோ திருவான்மியூருக்கோ போகிறோம்.

கலைஞருக்குக் காலையில் சாதகம், மாலையில் வகுப்பு. நடுப்பகலில்தான் வர முடியும் என்கிறார். என்ன செய்வது?

திண்ணை தேடுங்கள். மேலே கூரை, முன்னால் திறந்த வாசல், பின்னால் இருண்ட ரேழி (நடைவழி). வெளிவானத்தின் வெளிச்சம் ஒரு பக்கத்திலிருந்து மட்டும் முகத்தில் விழும். பணம் செலவழித்து ஸ்டூடியோவில் அமைக்கும் சாஃப்ட்பாக்ஸ் செய்வதும் இதைத்தான். முற்றம் வைத்த வீடு கிடைத்தால் இன்னும் மேல்: முற்றத்தின் நடுவில் உட்கார வைக்காமல் தாழ்வாரத்தின் விளிம்பில், முற்றத்தைப் பார்த்தபடி உட்கார வையுங்கள். தரையில் வெயில் பட்டுத் திரும்பும் ஒளி தாடைக்குக் கீழ் நிழலை எடுத்துவிடும். செம்மண் தரையாக இருந்தால் அந்த ஒளியில் செந்நிறம் ஏறும். ஒரு வெள்ளை வேட்டியை விரித்தால் போதும்.

திறந்தவெளியைத் தவிர வழியே இல்லையென்றால் தலைக்கு மேல் வெயிலை மென்மையாக்கும் ஸ்கிம்மர் துணி கட்டி, எதிரே ஒரு தெர்மாகோல் பிடிக்க ஆள் வைத்துக்கொள்ளுங்கள். சினிமாக்காரர்கள் இதே இரண்டையும் வைத்துக்கொண்டுதான் பகலைச் சமாளிக்கிறார்கள். மரத்தடி நிழலில் மட்டும் எச்சரிக்கை தேவை. இலை இடுக்கில் வெயில் பொட்டுப் பொட்டாக முகத்தில் விழும். போதாததற்கு இலைப் பச்சை வெள்ளை ஜிப்பாவிலும் தோலிலும் ஏறிவிடும். சாம்பல் அட்டையை ஒரு முறை படம் எடுத்து வைத்துக்கொண்டால் பின்னால் நிறத்தைச் சரிசெய்யலாம்.

எந்த இடங்களில் எடுக்கலாம்? அனுமதி வேண்டுமா?

ஈ.சி.ஆரில் (கிழக்குக் கடற்கரைச் சாலையில்) முட்டுக்காட்டில் உள்ள தட்சிணசித்ராவை முதலில் சொல்வேன். 1996இல் திறக்கப்பட்ட அந்த வளாகத்தில் தென்னிந்திய வீடுகளைப் பெயர்த்துக் கொண்டுவந்து மறுபடி கட்டியிருக்கிறார்கள். திண்ணை, தூண், முற்றம் எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும். முன்கூட்டிப் பேசி, கட்டணம் கட்டி எடுக்க வேண்டும்; செவ்வாய்க்கிழமை விடுமுறை. செலவும் பயணமும் பரவாயில்லை என்றால் கானாடுகாத்தான், காரைக்குடிப் பக்கம் விடுதிகளாக மாறியுள்ள செட்டிநாட்டு வீடுகள் இருக்கின்றன. அங்கே வளவின் (உள்முற்றத்தின்) தூண்வரிசையும் ஆத்தங்குடித் தரையும் நாள் முழுக்க நல்ல ஒளியைத் தரும்.

மயிலாப்பூர்த் தெப்பக்குளத்தின் மேற்குக் கரையிலிருந்து பார்த்தால் குளத்துக்கு அப்பால் கபாலீசுவரர் கோயிலின் மேற்குக் கோபுரம் மாலை வெயிலில் நிற்கும். காலையில் அதே காட்சி வெளிச்சத்துக்கு எதிராகப் போய்விடும். கோயிலுக்கு உள்ளே எடுக்கலாமா என்று கேட்பவர்களுக்கு: வேண்டாம். பெரும்பாலான கோயில்களில் உள்ளே படம் எடுக்கத் தடை இருக்கிறது. 2022 டிசம்பரில் கோயில்களுக்குள் கைபேசியையே தடை செய்யும்படி உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. மாமல்லபுரம், தஞ்சைப் பெரிய கோயில் போன்ற இடங்கள் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளவை. முக்காலி, விளக்கு என்று கிளம்பினால் முன்பே எழுதிக் கேட்டு அனுமதி வாங்க வேண்டும். வாசலில் காவலாளியிடம் கெஞ்சி உள்ளே போகலாம் என்று ஒரு மூத்த வித்வானை அழைத்துப்போய் வெயிலில் நிற்க வைக்காதீர்கள்.

திருவையாற்றுக்குப் போக ஆசைப்படாதவர்கள் இல்லை. தியாகராஜர் வாழ்ந்து 1847இல் மறைந்த ஊர், சமாதி காவிரிக் கரையில். ஆனால் ஆற்றில் தண்ணீர் வேண்டுமே! மேட்டூர் அணையை ஜூன் 12இல் திறந்து ஜனவரி 28இல் மூடுவது மரபு. நீர்வரத்தைப் பொறுத்துத் திறக்கும் நாள் தள்ளிப்போகும் ஆண்டுகளும் உண்டு. ஏப்ரலில் போனால் மணல்தான் இருக்கும். ஆடிப் பெருக்கன்றும் ஆராதனை நாட்களிலும் படித்துறையில் காலூன்ற இடம் இருக்காது. சமாதி வழிபடும் இடம். அதைப் படத்துக்குப் பின்னணியாக மட்டும் எண்ணிப் போகாதீர்கள். படித்துறைப் படிக்கட்டே போதும். அங்கே காலை வெளிச்சம் ஆற்றின் மேல் படுத்துக்கொண்டு வரும்.

பொதுக் கடற்கரையோ மாநகராட்சிப் பூங்காவோ, கையில் ஒரு கேமராவோடு போவது வேறு, விளக்கும் குடையும் ஐந்து ஆட்களுமாகப் போவது வேறு. இரண்டாவது வகை என்றால் அனுமதி கேட்டுவிடுங்கள். ட்ரோன் வேண்டாம் என்பது என் கருத்து. 2021 ட்ரோன் விதிகளின்படி தடை மண்டலங்கள் இருக்கின்றன என்பது ஒரு காரணம். பாடுபவரை உச்சந்தலையிலிருந்து பார்த்து என்ன தெரியப்போகிறது என்பது இன்னொரு காரணம்.

வெயிலிலும் கடல் காற்றிலும் வாத்தியம் கெட்டுப்போகாதா?

கெடும். இந்தக் கேள்வியைக் கேட்காத புகைப்படக்காரரிடம் வாத்தியத்தைக் கொண்டுபோகாதீர்கள்.

வீணையைத்தான் முதலில் காப்பாற்ற வேண்டும். 24 மெட்டுகளும் (தந்தியை அழுத்தும் உலோகப் பட்டைகள்) தண்டியில் ஆணியால் அடிக்கப்பட்டவை அல்ல, மெழுகில் பதிந்திருப்பவை. நேர் வெயிலில் கொஞ்ச நேரம் வைத்தால் மெழுகு இளகி மெட்டு நகரும், சுரஸ்தானம் கலைந்துபோகும். பிறகு மேளம் கட்டுபவரிடம் (மெட்டு அமைக்கும் கைவினைஞரிடம்) கொண்டுபோய் மறுபடி மெட்டுகளைப் பதிக்க வேண்டும். கச்சேரிக்கு இரண்டு நாள் முன்பு இப்படி நேர்ந்தால் அந்தக் கலைஞரின் நிலையை யோசித்துப் பாருங்கள். கதவடைத்த காருக்குள் எந்த வாத்தியத்தையும் விட்டுவிட்டுப் போகக் கூடாது, வீணையை ஒரு நிமிடம்கூட விடக் கூடாது.

வயலின் பசையால் ஒட்டப்பட்ட பெட்டி. சூடேறினால் பசை இளகும், ஓரங்கள் விடும். மிருதங்கத்தின் மூட்டுகள் (இரு பக்க முகங்கள்) தோல். வெயிலில் இறுகிச் சுருதி ஏறும், ஈரக்காற்றில் தளர்ந்து இறங்கும். தொப்பியில் (இடப்பக்க முகத்தில்) பூசிய ரவை காய்ந்து உதிரும். மணல் வலந்தலையின் (வலப்பக்க முகத்தின்) கரணையில், அதாவது கருவட்டத்தில், ஒட்டினால் துடைப்பதே சிரமம். கடற்கரைக்கு மிருதங்கத்தைக் கொண்டுபோனால் உறையைக் கடைசி நிமிடத்தில் கழற்றுங்கள், படம் எடுத்து முடிந்த உடனே மூடுங்கள். கடல் காற்றின் உப்பு எஃகுத் தந்திகளில் துரு ஏற்றும். வீடு திரும்பியதும் உலர்ந்த மென்துணியால் தந்திகளைத் துடைத்துவிட வேண்டும். நல்ல செட் தந்தியைக் கச்சேரிக்கு வைத்துக்கொண்டு, பழைய தந்தியோடு படத்துக்கு வருவதும் புத்திசாலித்தனம்.

புல்லாங்குழல்காரருக்கு வேறொரு தொல்லை. கடற்கரைக் காற்று குறுக்கே அடித்தால் ஊதும் காற்று துளைக்குள் போகாது, நாதம் பிறக்காது. வாசிக்க முடியாமல் தவிப்பது முகத்தில் அப்படியே தெரியும். காற்றுக்கு மறைவான இடம் பாருங்கள்.

நாகஸ்வரம் மட்டும் வெளியிடத்துக்கு என்றே பிறந்தது. நரசிங்கப்பேட்டையில் ஆச்சா மரத்தில் கடைந்து செய்யும் நாகஸ்வரத்துக்கு 2022இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மரம் தாங்கும், வாயில் வைத்து ஊதும் சீவாளிதான் காய்ந்துபோகும். ஒவ்வொரு ஷாட்டுக்கும் நடுவில் சீவாளியை நனைத்துக்கொள்ள அவகாசம் கொடுங்கள்.

வாத்தியத்தை வெறுந்தரையில் வைக்கக் கூடாது, தாண்டக் கூடாது, செருப்புக் காலோடு பக்கத்தில் போகக் கூடாது என்பதை உதவியாளர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஒரு பவானி ஜமுக்காளம் எப்போதும் வண்டியில் இருக்கட்டும். மேடையிலும் அதைத்தானே விரிக்கிறோம். படத்திலும் அது பொருந்தி உட்காரும்.

நின்றபடி, வாத்தியத்தைத் தோளில் சாய்த்து எடுக்கலாமா?

இந்தப் பக்கத்தில் எனக்கு மிக முக்கியமான கேள்வி இது.

நம் வயலின்காரர் சம்மணமிட்டு உட்கார்ந்து, வயலினின் சுருளை வலது கணுக்காலில் ஊன்றி, மறுமுனையை மார்பில் அணைத்து வாசிப்பவர். இடது கை வயலினைத் தாங்க வேண்டிய பாரம் இல்லாததால்தான் தந்தியின் நீளம் முழுக்க விரல் வழுக்கிப் போய்க் கமகம் (சுர அசைவு) பிடிக்க முடிகிறது. முத்துஸ்வாமி தீக்ஷிதரின் தம்பி பாலுஸ்வாமி தீக்ஷிதர் காலத்தில் இங்கே வந்த வாத்தியம் இரு நூற்றாண்டில் இந்தப் பிடியால்தான் நம்முடையதாக ஆனது. அவரை எழுப்பி நிறுத்தி, தாடைக்குக் கீழ் வயலினைக் கொடுத்துப் படம் எடுத்தால் அவர் இசையில் எது தனித்துவமோ அதையே படத்திலிருந்து எடுத்துவிட்டோம் என்று பொருள். ரசிகர் அதைப் பார்த்த கணமே கண்டுபிடிப்பார்.

வீணையும் அப்படியே. குடம் வலப்பக்கம் தரையில், சுரைக்காய் இடது தொடையில், யாளி முகம் இடக்கோடியில். படிக்கட்டின் மேல் உட்கார வைத்தால் குடம் தாங்க இடமில்லாமல் கலைஞர் அதை முழங்காலால் முட்டுக் கொடுத்துக்கொண்டு இருப்பார், தோள் ஏறிவிடும். மிருதங்கம் வலது பாதத்துக்கு மேல் சாய்ந்து நிற்க வேண்டும். அதற்கும் சமதளம் வேண்டும். இடம் பார்க்கப் போகும்போது நான் முதலில் தேடுவது நாலடிக்கு ஆறடி சமமான தரை. அதற்கு மேல் பின்னணி எப்படி இருந்தாலும் சமாளிக்கலாம்.

நிற்கும் படமோ வாசிக்காத படமோ கூடவே கூடாது என்று சொல்லவில்லை. கச்சேரிக்குப் போகும் வழியில் வயலின் பெட்டியைக் கையில் பிடித்து நிற்கலாம், வீணையை மடியில் வைத்து வாசிக்காமல் தந்தி மீட்டிச் சுருதி சேர்க்கலாம். அவையெல்லாம் உண்மையான தருணங்கள். நாகஸ்வரமும் தவிலும் நின்று வாசிக்கும் வாத்தியங்கள். வீதி உலாவில் நிற்பதுபோலவே நிற்கட்டும். நாகஸ்வரத்தை நேராகக் கேமராவுக்கு நீட்டினால் அணசு (விரிந்த கீழ்முனை) மட்டும் பெரிதாகத் தெரிந்து உடல் மறைந்துபோகும். முக்கால் பக்கமாகத் திருப்புங்கள். அதில் தொங்கும் சீவாளிக் கொத்தும் படத்தில் வர வேண்டும். தவில்காரரின் வலக்கை விரல்களில் கூடு (விரலுறை) மாட்டியிருக்கிறாரா, இடக்கையில் கழி இருக்கிறதா என்று பாருங்கள். கூடு இல்லாத தவில் படம் முழுமையாகாது.

பாடகர் கையில் அலங்காரத்துக்காகத் தம்புராவைக் கொடுப்பதையும் தவிர்த்துவிடலாம். தானே மீட்டிப் பாடும் பழக்கம் உள்ளவர் என்றால் கண்டிப்பாகக் கொடுங்கள். பழக்கமில்லாத விரல்கள் தந்திக்கு முன்னால் தயங்கி நிற்பது படத்தில் தெரியும்.

பாடகரை எப்படி எடுப்பது? பாட வைத்தா, சிரிக்க வைத்தா?

பாட வையுங்கள். "அண்ணா, ஒரு காம்போதி ஆலாபனை மெதுவா பாடுங்களேன், நான் பாட்டுக்கு எடுத்துக்கறேன்" என்று சொன்னால் பத்து நிமிடத்தில் கேமராவை மறந்துவிடுவார். பெண் கலைஞர்களை மாமி, அக்கா என்று எப்படி அழைத்துப் பழக்கமோ அப்படியே அழைத்து, சுருதிப் பெட்டியையோ செயலியையோ ஓடவிட்டுவிடுங்கள். சுருதி இல்லாமல் பாடச் சொல்லக் கூடாது.

எந்த நொடியில் அழுத்துவது என்பது கேட்டுப் பழகினால் வரும். சுரங்களை உருட்டிப் பாடும் வேகமான பிருகாவில் வாய் பல கோணங்களில் போகும்; எடுத்தால் நூற்றில் ஒன்று தேறும். கார்வையில், அதாவது ஒரே சுரத்தை நீட்டி, நிற்கும்போது முகம் அமைதியாக இருக்கும், கண் உள்ளே திரும்பியிருக்கும். சங்கதி முடிந்து மூச்சு எடுக்கும் இடைவெளியில் பெரும்பாலும் ஒரு சின்னப் புன்னகை வரும். இந்த இரண்டு இடங்களிலும் காத்திருங்கள். தாளம் போடும் கை தொடையில் தட்டும்போது கீழே மறைந்துபோகும். வீச்சில் திரும்பும்போதுதான் உள்ளங்கை தெரியும்.

கேமராவைப் பார்த்துச் சிரிக்கும் படம் ஒன்றும் வேண்டும். பத்திரிகைப் பேட்டிக்குக் கேட்பார்கள். அதைக் கடைசியில் எடுங்கள். பாடி முடித்த முகத்தில் வரும் சிரிப்பு வேறு மாதிரி இருக்கும்.

என்ன உடுத்துவது?

மேடையில் எதை உடுத்துவீர்களோ அதை. காஞ்சிப் பட்டின் ஜரிகை நேர் வெயிலில் வெள்ளைக் கோடாக எரிந்துவிடும். பக்கவாட்டு ஒளியில் நெசவு தெரியும். செடிகொடிப் பின்னணியில் பச்சைப் புடவை கரைந்துபோகும், அரக்கும் மாம்பழ நிறமும் எழுந்து நிற்கும். கடலுக்கு முன்னால் எம்.எஸ். புளூ (எம்.எஸ். சுப்புலட்சுமி பெயரால் வழங்கும் நீலம்) உடுத்தினால் நீலத்தில் நீலம் கலக்கும். வெள்ளை வேட்டி ஜிப்பா என்றால் துணியின் வெண்மைக்கு எக்ஸ்போஷரை வைத்து, முகத்துக்குத் தெர்மாகோலால் ஒளி கொடுங்கள். மாற்று உடை ஒன்றும் வியர்வை ஒற்ற நல்ல பருத்தித் துண்டு இரண்டும் எடுத்துவாருங்கள். நிறுத்தி நிறுத்தி முகம் ஒற்றிக்கொள்வதில் வெட்கம் வேண்டாம். சென்னையின் ஆகஸ்டில் எல்லோருக்கும் வியர்க்கும்.

எந்த லென்ஸ், என்ன செட்டிங்?

முகத்துக்கு 85 முதல் 135 மி.மீ. வரை. வீணையை முழுதாக எடுக்க 50 மி.மீ.க்குக் குறையாதீர்கள், 24 மி.மீ. லென்ஸோடு கிட்டே போனால் குடம் பூதாகரமாகவும் கலைஞரின் தலை சிறிதாகவும் வரும். பின்னணியைக் கரைக்கும் மோகத்தில் எஃப் 1.4இல் (லென்ஸின் துவாரத்தை அகலத் திறந்து) எடுப்பவர்கள் அதிகம். கண் துல்லியமாக இருக்கும், விரல் மங்கிவிடும். இந்தக் கலைஞர்களுக்கு விரல்தான் முகத்துக்கு இணை. எஃப் 4, எஃப் 5.6 வைத்து விரலும் கண்ணும் ஒரே தெளிவில் வருமாறு பாருங்கள். மிருதங்கத்தின் பரண் (அதிவேகச் சொற்கட்டு) ஓட்டத்தை உறைய வைக்க ஷட்டர் 1/1000 வேண்டும். 1/125இல் விரல்கள் லேசாகக் கலங்கி வருவதும் ஓர் அழகுதான், தலை அசையாமல் இருந்தால். கேமரா சுருக்காமல் சேமிக்கும் ரா ஃபைலில் எடுங்கள்.

பக்கவாத்தியக்காரர்களோடு குழுப் படம் எடுக்கும்போது யாரை எங்கே வைப்பது?

மேடை வரிசையை மாற்றாதீர்கள். பாடகரின் இடப்பக்கம் வயலின், வலப்பக்கம் மிருதங்கம்; கடம், கஞ்சிரா இருந்தால் மிருதங்கத்துக்கு அருகில் அல்லது சற்றுப் பின்னால். மிருதங்கக்காரர் பாடகரைப் பார்த்து உட்காரும்போது வலந்தலை சபையைப் பார்க்கும். இடக்கைப் பழக்கமுள்ளவர் என்றால் பக்கம் மாறும்; பழனி சுப்பிரமணிய பிள்ளை அப்படி இடக்கையால் வாசித்த மேதை. எனவே கேட்டுக்கொண்டு உட்கார வையுங்கள்.

பாடகர் மட்டும் துல்லியமாக, மற்றவர்கள் பின்னால் மங்கலாக இருக்கும் குழுப் படத்தை நான் எடுப்பதில்லை. தனி ஆவர்த்தனத்துக்குக் (தாள வாத்தியக்காரர் தனித்து வாசிக்கும் பகுதிக்கு) கைதட்டும் சபைக்கு அந்த மிருதங்கக்காரரின் முகமும் தெரிய வேண்டும். எஃப் 8 வைத்து, நால்வரையும் ஓர் அரைவட்டத்தில் கேமராவிலிருந்து ஏறக்குறைய ஒரே தொலைவில் அமர்த்தினால் எல்லோரும் தெளிவாக வருவார்கள். படத்தோடு போகும் குறிப்பிலும் நால்வர் பெயரும் இருக்கட்டும்.

மழை வந்துவிட்டால்?

முதலில் வாத்தியம் காருக்கு, பிறகு கலைஞர், கேமரா கடைசியில்.

நிறத்தைக் கொஞ்சம் வெளுப்பாக்கித் தரச் சொல்கிறார்கள். செய்யலாமா?

செய்யக் கூடாது. முகப்பருவை அழிக்கலாம், கலைந்த முடியை ஒதுக்கலாம், மின்கம்பியை நீக்கலாம். தோலின் நிறத்தை மாற்றுவது அந்த மனிதரையே மாற்றுவதாகும். கலைஞர் கேட்காமலேயே போஸ்டர் செய்பவர்கள் தாங்களாக வெளுப்பாக்கிவிடுவதையும் பார்க்கிறேன்; பெண் பாடகர்களுக்கு இது அதிகம் நடக்கிறது. மாநிறமும் கருப்பும் சாய்ந்த மாலை ஒளியில் எவ்வளவு செழிப்பாக வருகின்றன என்பதை ஒரு முறை சரியாக எடுத்துக் காட்டினால் கேட்டவர்களே கோரிக்கையை விட்டுவிடுவார்கள். எக்ஸ்போஷரைச் சரியாக வைக்காமல் முகத்தை இருட்டாக்கிவிட்டு, பின்னால் வெளுப்பாக்குவதுதான் பல நேரம் நடப்பது. குறை விளக்கில், நிறத்தில் இல்லை. நரைமுடிக்கும் சுருக்கத்துக்கும் இதே பதில்தான்: ஐம்பது ஆண்டு சாதகம் செய்த முகத்தில் அது தெரியட்டும்.

படத்தின் உரிமை யாருக்கு?

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957, பிரிவு 17இன்படி, ஒருவர் பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன புகைப்படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாதபோது, எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர். நண்பருக்காக இலவசமாக எடுத்தால் கதை வேறு. இரு தரப்பும் அரைப் பக்கம் எழுதி வைத்துக்கொள்வது நல்லது: கச்சேரி விளம்பரம், பத்திரிகை, ஆல்பம் ஆகியவற்றுக்குக் கலைஞர் தடையின்றிப் பயன்படுத்தலாம், புகைப்படக்காரர் பெயர் போட வேண்டும், புடவைக் கடைக்கோ நகைக் கடைக்கோ கொடுப்பதென்றால் இருவரும் மறுபடி பேச வேண்டும்.

எந்த அளவுகளில் வாங்கிக்கொள்வது?

ஒரே காட்சியைக் குறுக்காகவும் நெடுக்காகவும் எடுக்கச் சொல்லுங்கள். குறுக்குப் படத்தில் ஒரு பக்கம் வெற்றிடம் இருந்தால் ராகமோ தேதியோ எழுத இடம் கிடைக்கும். அழைப்பிதழுக்கு, முகமும் தோளும் மட்டும், பின்னணி சலனமின்றி இருக்கும் ஒரு படம் தனியாக வேண்டும். நாலு அங்குல அகலத்தில் அச்சாக 1200 பிக்சல் போதும். ஃபிளெக்ஸுக்கு முழு ஃபைலையே கொடுங்கள். செய்தித்தாளுக்குக் கறுப்பு வெள்ளையில் மாற்றிப் பார்த்து, முகமும் பின்னணியும் ஒரே சாம்பலாகாமல் பிரிந்து தெரிகிறதா என்று சோதியுங்கள். ஃபைல் பெயரில் கலைஞர் பெயரும் வாத்தியமும் இருக்கட்டும். எண்ணை மட்டும் வைத்து அனுப்பினால் சபா அலுவலகத்தில் படம் மாறிப்போகும்.

டிசைனருக்கு அனுப்பும்போது ஒரு வரி சேர்த்துவிடுங்கள்: படத்தை இடம் வலமாகத் திருப்ப வேண்டாம். எழுத்துக்கு இடம் வேண்டி இப்படித் திருப்பிவிடுகிறார்கள். வலக்கையால் வில் பிடிப்பவர் இடக்கைக்காரராகிவிடுவார், வீணையின் யாளி எதிர்ப்பக்கம் போய்விடும், புடவைத் தலைப்பு வலது தோளுக்கு வந்துவிடும். வெற்றிடம் எந்தப் பக்கம் வேண்டும் என்று டிசைனரிடம் முதலிலேயே கேட்டு, இரண்டு பக்கமும் இடம் விட்டு ஒவ்வொன்று எடுத்துக் கொடுத்தால் திருப்ப வேண்டிய தேவையே வராது.